நிபந்தனையை மீறினால் எத்தனை மாதம்? அமெரிக்க ஃபெடரல் புரொபேஷன், மேற்பார்வை விடுதலை ரத்துக் கணக்கைப் போடும் முறை

ஃபெடரல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்று, கண்காணிப்பில் வெளியே இருக்கும் ஒருவர் நிபந்தனையை மீறிவிட்டார் என்று மனு வந்திருக்கிறது. எத்தனை மாதம் உள்ளே இருக்க வேண்டும்? கேட்டால் ஆளுக்கொரு விடை வரும். “கண்காணிப்பில் மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான்” என்பார் ஒருவர். “புது வழக்கு தள்ளுபடியானால் இதுவும் போய்விடும்” என்பார் இன்னொருவர். இரண்டும் தவறு. கணக்குக்கு ஒரு வரிசை இருக்கிறது. வரிசை பிசகினால் விடையும் பிசகும். கீழே உள்ளது ஃபெடரல் வழக்குகளுக்கு மட்டும். மாநில நீதிமன்றங்களின் புரொபேஷனுக்கு அந்தந்த மாநிலச் சட்டம்தான்.

முதலில் மூன்று தாள்களை மேசையில் வையுங்கள். ஒன்று, பழைய வழக்கின் தீர்ப்புத் தாள். எந்தச் சட்டப்பிரிவில் தண்டனை, கண்காணிப்பு எத்தனை ஆண்டு, என்னென்ன நிபந்தனைகள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இரண்டு, அப்போது புரொபேஷன் அதிகாரி எழுதிய தண்டனைக்கு முந்தைய அறிக்கை. குற்றப் பின்னணிப் பிரிவு, அதாவது முந்தைய தண்டனைகளை வைத்துப் போட்ட 1 முதல் 6 வரையிலான எண், அதில்தான் கிடைக்கும். மூன்று, இப்போது வந்திருக்கும் மனு. அதன் தலையில் புரோப் 12சி என்று இருந்தால் அதிகாரி பிடிவாரண்டோ சம்மனோ கேட்டிருக்கிறார். 12பி என்றால் நிபந்தனையை மாற்றக் கேட்கிறார். 12ஏ என்றால் நீதிபதிக்குத் தகவல் சொல்கிறார், பெரும்பாலும் நடவடிக்கை கேட்பதில்லை. 12பியோடு வரும் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டால் விசாரணைக்கான உரிமையை விட்டுக்கொடுத்ததாகிவிடும். வழக்கறிஞரிடம் காட்டாமல் போட வேண்டாம்.

புரொபேஷனா, மேற்பார்வை விடுதலையா?

பேச்சில் இரண்டையும் “புரொபேஷன்” என்றே சொல்லிவிடுகிறார்கள். கணக்கில் இரண்டும் வேறு வேறு.

புரொபேஷன் என்பது சிறைக்குப் பதிலாகக் கொடுத்த தண்டனை. அதை ரத்து செய்தால், அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பில் உள்ள 3565ஆம் பிரிவுப்படி நீதிபதி புதிதாகத் தண்டனை விதிக்கிறார். உச்சவரம்பு, பழைய குற்றத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் முழு உச்சவரம்பு. மின்வழி மோசடி என்றால் 20 ஆண்டு வரை கதவு திறந்திருக்கிறது. யாரும் 20 ஆண்டு கொடுப்பதில்லை என்றாலும், அட்டவணையைத் தாண்டிப் போக நீதிபதிக்கு இடம் நிறைய உண்டு.

மேற்பார்வை விடுதலை, அதாவது சூப்பர்வைஸ்டு ரிலீஸ், சிறைக் காலத்தை முடித்தபின் தொடங்குவது. 1987 நவம்பர் 1க்குப் பிந்தைய குற்றங்களுக்கு ஃபெடரலில் பரோல் கிடையாது. அந்த இடத்துக்கு வந்தது இது. இதற்கு 3583ஆம் பிரிவு தனி உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஏ வகுப்பு பெருங்குற்றத்துக்கு 5 ஆண்டு, பி வகுப்புக்கு 3, சி, டி வகுப்புகளுக்கு 2, மற்றவற்றுக்கு 1. கண்காணிப்பில் ஒரு மாதமே மிச்சம் இருந்தாலும் இந்த உச்சவரம்பு குறையாது. வெளியே ஒழுங்காக இருந்த காலத்துக்குக் கழிவும் இல்லை. இரண்டு ஆண்டு நிபந்தனை தவறாமல் இருந்துவிட்டு மூன்றாம் ஆண்டில் தவறினாலும் கணக்கு பூஜ்யத்திலிருந்துதான்.

வகுப்பைக் கண்டுபிடிக்க 3559ஆம் பிரிவைப் பாருங்கள். பழைய குற்றத்துக்கு ஆயுள் அல்லது மரண தண்டனை உண்டென்றால் ஏ. 25 ஆண்டு அல்லது மேல் என்றால் பி. 10க்கு மேல் 25க்குள் சி (சரியாக 10 ஆண்டும் இதில் சேரும்). 5 முதல் 10க்குள் டி. ஒன்றுக்கு மேல் 5க்குள் ஈ. அவருக்கு உண்மையில் கிடைத்த தண்டனை 14 மாதமாக இருக்கலாம். இங்கே அது கணக்கில் வராது. சட்டம் அனுமதித்த உச்சம்தான் வரும்.

மீறலின் கிரேடு

பலர் தடுமாறும் இடம் இது. வகுப்பு என்பது பழைய குற்றத்துக்கு, கிரேடு என்பது புதிய மீறலுக்கு. இரண்டுக்கும் ஏ, பி, சி என்றே பெயர் இருப்பதால் வழக்கறிஞர் அலுவலகங்களில்கூடக் குழப்பிக்கொள்வதுண்டு.

அமெரிக்கத் தண்டனை ஆணையத்தின் வழிகாட்டி நெறிகளில் 7ஆம் அத்தியாயம் மூன்று கிரேடு சொல்கிறது. ஓராண்டுக்கு மேல் சிறை கிடைக்கக்கூடிய குற்றமாக இருந்து, அது வன்முறைக் குற்றமாகவோ, போதைப்பொருள் விற்பனை வகைக் குற்றமாகவோ, இயந்திரத் துப்பாக்கி, குழல் அறுத்த ஷாட்கன் போன்ற சிறப்புவகை ஆயுதம் வைத்திருந்த குற்றமாகவோ இருந்தால் கிரேடு ஏ. 20 ஆண்டுக்கு மேல் சிறை கிடைக்கக்கூடிய வேறு எந்தக் குற்றமும் ஏ. ஓராண்டுக்கு மேல் கிடைக்கக்கூடிய மற்றக் குற்றங்கள் பி. ஓராண்டோ அதற்குக் குறைவோ கிடைக்கும் குற்றம், அல்லது குற்றமே ஆகாத நிபந்தனை மீறல் (அதிகாரியைப் பார்க்கப் போகாதது, சொல்லாமல் வீடு மாறியது, வேலை தேடாதது) சி. பல மீறல் இருந்தால் இருப்பதிலேயே கனமானதன் கிரேடுதான் மொத்தத்துக்கும்.

சறுக்கல்கள் நிறைய இங்கே.

பெயரைப் பார்க்கக் கூடாது, உச்சத் தண்டனையைப் பார்க்க வேண்டும். மேரிலாந்தில் இரண்டாம் நிலைத் தாக்குதல் பெயரளவில் சிறுகுற்றம், ஆனால் 10 ஆண்டு வரை சிறை உண்டு. பென்சில்வேனியாவில் முதல்நிலைச் சிறுகுற்றத்துக்கு 5 ஆண்டு. “சிறுகுற்றம்தானே, கிரேடு சி” என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது.

சாதாரணக் கைத்துப்பாக்கி வைத்திருந்த பழைய குற்றவாளிக்கு அந்த ஒன்றுக்காகக் கிரேடு ஏ வராது, பிதான். ஏ கிரேடில் சொன்ன ஆயுதம் தனிவகை. மனுவில் ஏ என்று போட்டிருந்தால் ஆயுதத்தின் விவரம் என்ன என்று கேளுங்கள்.

குற்றச்சாட்டு பதிவாகியிருக்க வேண்டும் என்பதில்லை, தண்டனையும் வேண்டாம். நடந்த செயலை வைத்தே கிரேடு. மாநில அரசு வழக்கைக் கைவிட்டாலும், ஜூரி விடுதலை செய்தாலும், ஃபெடரல் நீதிபதி அதே சம்பவத்தை மீறலாக எடுக்கலாம். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் கட்டாயம் இங்கே இல்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதி கருதினால் போதும்.

போதைப்பொருள் சோதனையில் ஒளிந்திருக்கும் பொறி ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு முன்பு போதைப்பொருள் தண்டனை ஒன்று இருந்தால், அதன்பின் சும்மா கையில் வைத்திருந்தாலே 21ஆம் தலைப்பின் 844ஆம் பிரிவுப்படி 2 ஆண்டு வரை சிறை. ஓராண்டைத் தாண்டிவிட்டதால் அது கிரேடு பி. சிறுநீர்ச் சோதனையில் கோகைன் தெரிந்தது என்பதையே “வைத்திருந்தார்” என்று எடுத்துக்கொள்ளும் நீதிமன்றங்கள் பல. ஆக, வெறும் சோதனைத் தோல்வி என்று நினைத்தது கிரேடு ஏறி நிற்கும். இதை எதிர்த்து வாதாட முடியும். பயன்படுத்தியதும் வைத்திருந்ததும் ஒன்றா என்பதில் நீதிமன்றங்களுக்குள் ஒரே குரல் இல்லை. மனுவில் “பயன்படுத்தினார்” என்று எழுதியிருக்கிறதா, “வைத்திருந்தார்” என்று எழுதியிருக்கிறதா என்று சொல் சொல்லாகப் படியுங்கள்.

அட்டவணை

குற்றப் பின்னணிப் பிரிவு 1 முதல் 6 வரை. முதன்முதலில் தண்டித்த நாளில் எந்தப் பிரிவில் இருந்தாரோ அதேதான் இப்போதும். நடுவில் புதிதாகத் தண்டனை வாங்கியிருந்தாலும் ஏறாது, பழைய தண்டனை ஒன்று அழிக்கப்பட்டிருந்தாலும் இறங்காது. மறுபடி எண்ணிப் பார்ப்பது இந்தக் கணக்கில் அடிக்கடி காணும் பிழை.

மாதக் கணக்கில் வரம்புகள் இவை:

பிரிவு 1: கிரேடு சி 3–9, பி 4–10, ஏ 12–18
பிரிவு 2: சி 4–10, பி 6–12, ஏ 15–21
பிரிவு 3: சி 5–11, பி 8–14, ஏ 18–24
பிரிவு 4: சி 6–12, பி 12–18, ஏ 24–30
பிரிவு 5: சி 7–13, பி 18–24, ஏ 30–37
பிரிவு 6: சி 8–14, பி 21–27, ஏ 33–41

பழைய குற்றம் ஏ வகுப்பாக இருந்து, மீறலும் கிரேடு ஏ ஆனால் தனி வரிசை: 24–30, 27–33, 30–37, 37–46, 46–57, 51–63.

இப்போது 3583ஆம் பிரிவின் உச்சவரம்பைக் கொண்டுவந்து வெட்டுங்கள். ஏ வகுப்பு, பிரிவு 6, கிரேடு ஏ என்றால் 51–63 வரும். உச்சம் 60 என்பதால் 51–60 ஆகும். சி வகுப்பு, பிரிவு 5, கிரேடு ஏ என்றால் 30–37. உச்சமே 24தான், எனவே 24 என்ற ஒற்றை எண் நிற்கும். ஈ வகுப்பு, பிரிவு 6, கிரேடு சி என்றால் 8–14, அது 8–12 ஆகும். புரொபேஷனில் இந்த வெட்டு அநேகமாக வேலை செய்யாது, உச்சம் அவ்வளவு மேலே இருக்கிறது.

இந்த எண்கள் நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. 7ஆம் அத்தியாயம் 1990இல் வந்த நாளிலிருந்தே கொள்கை அறிக்கை வடிவில்தான் இருக்கிறது. பார்க்க வேண்டும், பார்த்தபின் காரணம் சொல்லி மேலேயோ கீழேயோ போகலாம். உச்சவரம்பை மட்டும் தாண்ட முடியாது.

ரத்து கட்டாயமா?

சட்டம் கட்டாயப்படுத்தும் இடங்கள் நான்கு: போதைப்பொருள் வைத்திருந்தது, துப்பாக்கி வைத்திருந்தது, சோதனைக்கு உடன்பட மறுத்தது, ஓராண்டில் மூன்று தடவைக்கு மேல் சோதனையில் தோற்றது. மூன்று வரை அல்ல, நான்காவதில்தான் இது பிடிக்கும். சோதனைத் தோல்விக்கு ஒரு விலக்கு உண்டு. சிகிச்சைத் திட்டத்தில் சேர இடமிருக்கிறதா, சேர்ந்திருக்கிறாரா என்று பார்த்து நீதிபதி ரத்து செய்யாமல் விடலாம். மனு வருவதற்கு முன்பே சிகிச்சையில் சேர்ந்திருந்தால் இந்த வாதம் நிற்கும். விசாரணைக்கு முந்தைய நாள் சேர்ந்த சீட்டை நீட்டினால் நீதிபதி புருவத்தை உயர்த்துவார். கட்டாய ரத்து என்றாலும் குறைந்தபட்சம் இத்தனை மாதம் என்று சட்டம் சொல்லவில்லை என்பதையும் மறக்காதீர்கள்.

இதற்கு வெளியே, வழிகாட்டி நெறிகள் புரொபேஷனில் கிரேடு ஏ, பி என்றால் ரத்து செய்யச் சொல்கின்றன. சி என்றால் ரத்து செய்யலாம், அல்லது காலத்தை நீட்டலாம், நிபந்தனையை மாற்றலாம். 2025 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் மேற்பார்வை விடுதலையைத் தனிப் பகுதியாகப் பிரித்து, அந்த ஆளின் நிலையைத் தனியாக எடைபோடுவதை முன்னே கொண்டுவந்தது. எனவே பழைய பதிப்பை வைத்து எழுதிய குறிப்புகளை அப்படியே நகலெடுக்காதீர்கள். ரத்தின்பேரில் தண்டனை விதிக்கும் நாளில் எந்தப் பதிப்பு நடப்பில் இருக்கிறதோ அதைத் திறந்து பாருங்கள்.

புரொபேஷன் பகுதியில் இன்னொரு வழியும் இருக்கிறது. கிரேடு பி அல்லது சியாக இருந்து, வரம்பின் கீழ் எண் 1 முதல் 6 மாதத்துக்குள் என்றால், அந்தக் கீழ் எண் முழுவதையும் வீட்டுக்காவலாகவோ சமூக விடுதியில் தங்கலாகவோ கழிக்கும்படி தீர்ப்பு கேட்கலாம். கீழ் எண் 6க்கு மேல் 10க்குள் என்றால் அதில் பாதியாவது சிறையில் இருக்க வேண்டும். பிரிவு 3, கிரேடு பி என்றால் கீழ் எண் 8. 4 மாதம் சிறை, 4 மாதம் வீட்டுக்காவல் என்று கேட்க இடம் உண்டு.

மீண்டும் மேற்பார்வை விடுதலை

சிறை முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ரத்து செய்து சிறை கொடுத்தபின் மீண்டும் மேற்பார்வை விடுதலை போடலாம். அதன் உச்சம், பழைய குற்றத்துக்குச் சட்டம் அனுமதித்த மேற்பார்வைக் காலத்திலிருந்து, ரத்தின்பேரில் கொடுத்த சிறைக் காலத்தைக் கழித்தது.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். மின்வழி மோசடியில் 14 மாதம் சிறை, 3 ஆண்டு மேற்பார்வை விடுதலை பெற்றவர். உச்சத் தண்டனை 20 ஆண்டு, ஆகவே சி வகுப்பு, ரத்து உச்சம் 24 மாதம். பின்னணிப் பிரிவு 3, அதில் ஒன்று மாநில நீதிமன்றத்தின் போதைப்பொருள் தண்டனை. மனுவில் மூன்று மீறல்: கோகைன் சோதனையில் இருமுறை தோல்வி, ஒரு மாதம் அதிகாரியிடம் போகவில்லை, சொல்லாமல் வீடு மாறினார். அரசுத் தரப்பு 844ஆம் பிரிவைக் காட்டி கிரேடு பி, 8–14 மாதம் என்கிறது. எதிர்த்தரப்பு, பயன்படுத்தியது மட்டும்தான் தெரிகிறது, கிரேடு சி, 5–11 மாதம் என்கிறது. வாதமே இந்த மூன்று மாத இடைவெளியில்தான். “வைத்திருந்தார்” என்று நீதிபதி முடிவு செய்தால் ரத்தும் கட்டாயமாகிறது என்பதால், அந்த ஒரு சொல்லுக்கு இரட்டை விலை. நீதிபதி 10 மாதம் கொடுத்தால், பின்னால் போடக்கூடிய மேற்பார்வை 36 கழித்தல் 10, அதாவது 26 மாதம். அதையும் மீறி இரண்டாம் தடவை 8 மாதம் வாங்கினால் அதற்குப்பின் 18 மாதம்தான் மிச்சம். ரத்துச் சிறைகளைக் கூட்டிக் கழித்துக்கொண்டே போக வேண்டும். 24 மாத உச்சவரம்போ, 2003 ஏப்ரல் 30க்குப் பிந்தைய குற்றங்களுக்கு ஒவ்வொரு ரத்துக்கும் புதிதாக வரும். அங்கே கூட்டிக் கழிப்பதில்லை. போதைப்பொருள் விற்பனை வழக்குகளில் மேற்பார்வைக்கு மேல்வரம்பே கிடையாது என்பதால் இந்தக் கழித்தலால் பெரிதாகப் பயன் இருக்காது.

கண்காணிப்புக் காலம் முடிவதற்குள் பிடிவாரண்டோ சம்மனோ பிறப்பித்திருந்தால், காலம் முடிந்தபின்னும் நீதிபதி ரத்து செய்யலாம். வேறு குற்றத்துக்காக 30 நாளோ அதற்கு மேலோ தொடர்ச்சியாகச் சிறையில் இருந்த காலம் மேற்பார்வையில் ஓடாது. 2019இல் மான்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், விசாரணைக் கைதியாக இருந்த காலமும் பின்னர் தண்டனையில் கழிக்கப்பட்டால் ஓடாத காலமே என்றது. “காலாவதியாகிவிட்டது” என்று வாதாடுமுன் இந்த நாட்களை ஒரு நாட்காட்டியில் குறித்து எண்ணுங்கள்.

விசாரணை நாளில்

குற்றவியல் நடைமுறை விதி 32.1தான் இங்கே வழிகாட்டி. எழுத்தில் மீறல் விவரம், ஆதாரத்தைப் பார்க்கும் உரிமை, வழக்கறிஞர், தன் சாட்சிகள், எதிர்ச்சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு, தண்டனை சொல்லும்முன் தானே பேசும் வாய்ப்பு எல்லாம் உண்டு. ஜூரி கிடையாது. கேள்விச் சாட்சியம், அதாவது இன்னொருவர் சொல்லக் கேட்டதைச் சொல்லும் சாட்சியம், வரலாம், ஆனால் சாட்சி நேரில் வராததற்கு அரசுத் தரப்பு சொல்லும் காரணத்தை நீதிபதி எடைபோட வேண்டும். காவலில் இருப்பவர் வெளியே வரக் கேட்டால் நிரூபிக்கும் பாரம் அவர்மேல்: ஓடிப்போக மாட்டேன், யாருக்கும் ஆபத்தில்லை என்பதைத் தெளிவான, நம்பத்தக்க ஆதாரத்தால் காட்ட வேண்டும்.

ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பதில் அவசரம் கூடாது. புது மாநில வழக்கு நிலுவையில் இருக்கும்போது இங்கே “ஆம், அடித்தேன்” என்றால் அந்தச் சொல்லை அங்கே சாட்சியமாக்கலாம். வழக்கமாகச் செய்வது, கனமான மீறலை அரசுத் தரப்பு விட்டுவிட, இலேசான கிரேடு சி மீறலை ஒப்புக்கொள்வது. கிரேடு இறங்கினால் வரம்பும் இறங்கும்.

நீதிபதி எதைக் காரணமாகச் சொல்லலாம் என்பதிலும் எல்லை வந்திருக்கிறது. 2025 ஜூனில் எஸ்டெராஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மேற்பார்வை விடுதலையை ரத்து செய்யும்போது பழைய குற்றத்துக்குப் பழிதீர்க்கும் நோக்கைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது. “நீ செய்த குற்றம் கொடூரமானது, அதற்குத் தக்க தண்டனை” என்று நீதிபதி சொன்னால் அந்த நிமிடமே எழுந்து ஆட்சேபம் பதிவு செய்ய வேண்டும். அங்கே சும்மா இருந்துவிட்டால் மேல்முறையீட்டில் வாதம் பாதி செத்துவிடும்.

புது வழக்கில் ஏற்கெனவே தண்டனை இருந்தால், ஏககாலத்திலா ஒன்றன்பின் ஒன்றாகவா என்று கேட்டுத் தீர்ப்பில் எழுதி வாங்குங்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஓட வேண்டும் என்பது வழிகாட்டி நெறிகளின் பழைய விதி. சட்டம் தேர்வை நீதிபதியிடம்தான் விட்டிருக்கிறது.

நேரம் 12 மாதத்தை ஒட்டி வந்தால் ஒரு சின்ன விஷயம். ஃபெடரல் சிறையில் நன்னடத்தைக் கழிவு, ஓராண்டுக்கு மேற்பட்ட தண்டனைக்கு மட்டும்தான் கிடைக்கும். ஆண்டுக்கு 54 நாள் வரை. சரியாக 12 மாதம் வாங்கினால் 12 மாதமும் உள்ளே. 12 மாதமும் ஒரு நாளும் வாங்கினால் ஏறக்குறைய 10 மாதத்தில் வெளியே வரலாம். ஒரு நாள் கூடுதலாகக் கேட்பது வினோதமாகத் தோன்றும், நீதிபதிகளுக்கு இது புதிதல்ல. ஆனால் மேற்பார்வை விடுதலையில் பழைய குற்றம் ஈ வகுப்பு என்றால் கேட்காதீர்கள், அங்கே உச்சமே ஓராண்டு.

தீர்ப்பு பதிவான நாளிலிருந்து மேல்முறையீட்டு அறிவிப்புக்கு 14 நாள். வார விடுமுறையும் அதற்குள்தான்.